"பர்மிஷன் கிடைக்காது" என்கிறார்கள்: 15 பேரா, 16 பேரா?

5 ஆகஸ்ட் 2025, காலை 8.12 | கேள்வி

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம். மேட்டுத் தெருக்களில் மூன்று வாரமாகக் குழாயில் காற்றுதான் வருகிறது. 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாற்பது பேர் காலிக் குடத்தோடு வட்டார அலுவலகம் வரை நடந்துபோய் மெமோரண்டம் கொடுக்கலாம் என்று பேச்சு. போனில் கேட்டால், "பர்மிஷன் வாங்கணும், இந்த மாசம் கிடைக்காது" என்று பதில். கோயில் கமிட்டியில் ஒருவர், "காவடிக்கு வருஷா வருஷம் நாங்க கொடுக்கிற தாளையே மாத்தி எழுதிக் கொடுங்க" என்கிறார். இன்னொருவர், "பதினஞ்சு பதினஞ்சா பிரிஞ்சு போனா யாரையும் கேக்க வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

5 ஆகஸ்ட், காலை 10.40

மூன்றும் தப்பு, தம்பி. போனில் சொன்னது பெரிய தப்பு.

இந்த நாட்டில் ஊர்வலம் போக பர்மிஷன் என்று ஒன்று கிடையாது. இருப்பது நோட்டீஸ். அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு, ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடவும், மறியல் செய்யவும், மனுக் கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அதை எப்படிச் செய்வது என்பதைச் சொல்வது 1993ஆம் ஆண்டின் 205ஆம் எண் சட்டம், கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம். 15 பேருக்கு மேல் பொது இடத்தில் கூடினால் நகராட்சியின் பொறுப்பு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 7 நாளைக்கு முன்னால். முடியவில்லை என்றால் முடிந்த சீக்கிரத்தில். 48 மணி நேரத்துக்கும் குறைவாகக் கொடுத்தால் மட்டும், அதையே காரணமாக வைத்துத் தடுக்க அவர்களுக்கு இடம் உண்டு.

கொடுத்த 24 மணி நேரத்துக்குள் உங்களைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடவில்லை என்றால், நோட்டீஸில் எழுதியபடியே நடக்கலாம். ஒரு சீட்டும் வர வேண்டியதில்லை. சீட்டு வரவில்லையே என்று ஊர்வலத்தைத் தள்ளிப்போட்டுக் கொண்டே இருப்பவர்கள்தான் நம் பக்கம் அதிகம்.

22ஆம் தேதிக்கு 15ஆம் தேதி கடைசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் நீட்டாதீர்கள். செவ்வாய், புதன் காலையில் கொடுங்கள்.

5 ஆகஸ்ட், மதியம் 1.05

நோட்டீஸில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 3ஆம் பிரிவில் பட்டியலே இருக்கிறது. கூட்டுநர் (ஊர்வலத்தைக் கூட்டுகிறவர்), அவருக்கு மாற்றாள் ஒருவர், இவர்களின் பெயர், முகவரி, போன். அமைப்பு இருந்தால் அதன் பெயர். நோக்கம். தேதி, எத்தனை மணிக்குக் கூடுவது, எப்போது கிளம்புவது, எப்போது கலைவது. உத்தேசமாக எத்தனை பேர். மார்ஷல்கள் (ஊர்வலத்தை ஒழுங்காக நடத்திச் செல்லும் நம் ஆட்கள்) எத்தனை பேர், யார் யார், அவர்களை எப்படி அடையாளம் காண்பது. வழி. வண்டி வந்தால் எத்தனை, என்ன வண்டி. மனு யாருக்கு, எந்த இடத்தில்.

சறுக்குவது எங்கே என்றால் வழியில்தான். "கோயிலிலிருந்து அலுவலகம் வரை" என்று எழுதினால் போதாது. எந்தத் தெருவில் திரும்புவது, எந்தப் பக்க வழித்தடம், எந்த ரவுண்டபவுட்டைத் தாண்டுவது, எல்லாம் வரிசையாக வேண்டும். கூகுள் வரைபடத்தை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு இணைத்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 40 என்று எழுதி 200 பேர் வந்தால் நோட்டீஸை மீறியதாகும். 200 என்று பெருமைக்கு எழுதி 40 பேர் வந்தால் சிரிப்பு. 60 என்று எழுதுங்கள். மார்ஷல் பத்துப் பேருக்கு ஒருவர் என்று நான் சொல்வேன். சட்டம் எண் சொல்லவில்லை.

இரண்டு பிரதி. ஒன்றில் தேதி, நேரம், வாங்கியவர் பெயர், முத்திரை. அந்த 24 மணி நேரக் கணக்கு தொடங்குவது இந்த முத்திரையிலிருந்துதான். மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள், ஆனால் முத்திரையை விடாதீர்கள்.

5 ஆகஸ்ட், மதியம் 1.31 | இசிபிங்கோ அக்கா

எழுதத் தெரியாதவங்க என்ன செய்வாங்க? எங்க தெருவில முன்னால நிக்கிறதே எழுபது வயசுப் பாட்டிங்கதான்.

5 ஆகஸ்ட், மதியம் 2.15

நல்ல கேள்வி அக்கா. கூட்டுநரால் எழுத்தில் தர முடியாவிட்டால், அவர் கேட்டுக்கொண்டால் பொறுப்பு அதிகாரியே எழுதித்தர வேண்டும். "எழுதித்தரலாம்" இல்லை, "வேண்டும்". அதே 3ஆம் பிரிவு. பாட்டி கவுன்டரில் உட்கார்ந்து வாயால் சொல்ல, எதிரே இருப்பவர் எழுதுவதுதான் சட்டப்படியான காட்சி.

6 ஆகஸ்ட், காலை 7.20

பதினைந்து பதினைந்தாகப் பிரியும் யோசனைக்கு வருகிறேன்.

15 பேர் வரை என்றால் சட்டத்தில் அதற்கு வேறு பெயர், ஆர்ப்பாட்டம். நோட்டீஸ் வேண்டாம். அதுவரை நண்பர் சொன்னது சரி. ஆனால் 15 பேர் நிற்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் பதாகையை வாங்கிப் பிடித்தால் 16.

2013 செப்டம்பரில் கேப்டவுன் நகராட்சிக் கட்டடத்தில் நடந்தது இதுதான். கழிப்பிட வசதி கேட்டு, 15 பேருக்குள் இருப்போம் என்று திட்டம்போட்டுச் சங்கிலியால் கம்பியில் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆள் கூடிவிட்டது. நோட்டீஸ் கொடுக்காமல் கூட்டம் கூட்டியதாக 10 பேருக்குத் தண்டனை. அந்த வழக்குத்தான் ம்லுங்வானா வழக்காக மேலே போய், 2018 நவம்பர் 19 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் 12(1)(அ) பிரிவைச் செல்லாது என்றது. நோட்டீஸ் கொடுக்காதது இனிக் குற்றம் இல்லை.

"அப்ப எதுக்கு நோட்டீஸ்?" என்று அடுத்த கேள்வி வரும். காரணம் 11ஆம் பிரிவு, சேதத்துக்கு யார் பணம் கட்டுவது என்பது. ஊர்வலத்தில் யாரோ கடைக் கண்ணாடியை உடைத்தால் நடத்திய அமைப்பு கட்ட வேண்டும், அமைப்பு இல்லையென்றால் கூட்டுநர். ஆனால் 15 பேருக்கு உட்பட்ட ஆர்ப்பாட்டத்தில் உடைந்தால்? கலந்துகொண்ட ஒவ்வொருவரும், சேர்ந்தும் தனித்தனியாகவும். பிரிந்து போவது சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

2012 ஜூன் 13-இல் கார்வஸ் வழக்கில் இந்த 11ஆம் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பு. தப்பிக்க வழி ஒன்றுதான்: அந்தச் செயலுக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை, அது எதிர்பார்க்கக்கூடியதும் அல்ல, தடுக்க நியாயமாக முடிந்ததை எல்லாம் செய்தோம் என்று காட்ட வேண்டும். மார்ஷல் பட்டியல், கையெழுத்து, பேச்சுவார்த்தைக் குறிப்பு எல்லாம் அன்றைக்குத்தான் உதவும்.

6 ஆகஸ்ட், காலை 9.50

மேலே "இனிக் குற்றம் இல்லை" என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டேன். திருத்தம். நோட்டீஸ் கொடுக்காதது மட்டும்தான் குற்றம் இல்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கூப்பிட்ட பேச்சுவார்த்தைக்குப் போகாமல் இருப்பது இன்னும் குற்றம். ஒப்புக்கொண்ட நிபந்தனையைத் தெரிந்தே மீறுவதும், தடை செய்த கூட்டத்தை நடத்துவதும், அதில் போய் நிற்பதும் அப்படியே.

பேச்சுவார்த்தையை இங்கே எல்லோரும் கோல்டன் ட்ரையாங்கிள் என்பார்கள். கூட்டுநர், நகராட்சி அதிகாரி, போலீஸ் அதிகாரி மூவர். அங்கே போய் "சரி சரி" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டக் கூடாது. வழியை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். தடை போட வேண்டுமானால், போக்குவரத்து பெரிதாகக் குலையும், ஆளுக்குக் காயம் வரும், சொத்துக்குப் பெரும் சேதம் வரும் என்பதற்குச் சத்தியப்பிரமாணத்தோடு நம்பத்தக்க தகவல் இருக்க வேண்டும். போலீஸாலும் அதைச் சமாளிக்க முடியாது என்றும் இருக்க வேண்டும். "ஆள் பத்தாது", "கவுன்சிலர் ஊரில் இல்லை" என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. தடை வந்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

6 ஆகஸ்ட், இரவு 8.30

காவடித் தாள்.

அதைத் தொடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் காவடி "கூட்டம்" இல்லை. அரசையோ கட்சியையோ அமைப்பையோ ஆதரித்து, எதிர்த்து, விமர்சித்து, மனுக் கொடுத்து நடப்பதைத்தான் 205ஆம் எண் சட்டம் கூட்டம் என்கிறது. முருகனைக் கும்பிட்டு நடப்பது அதில் வராது. அது போவது 2010ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டத்தின் வழி, விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம். பெயர் அப்படி இருந்தாலும் மத, பண்பாட்டு நிகழ்ச்சிகளும் ஊர்வலப் பாதைகளும் அதற்குள் அடக்கம். 2,000 பேர் என்பது அங்கே முக்கியமான கோடு. அதில் போலீஸ் ஆபத்து வகை பிரிப்பார்கள், ஆம்புலன்ஸ், வாயில், கூட்ட அளவு என்று கேட்பார்கள். உங்கள் நாற்பது குடத்துக்கு அது தேர்வடத்தால் ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற கதை.

இதற்குத் தலைகீழ் ஒன்று உண்டு. காவடியின் நடுவே நாலு பேர் "தண்ணீர் எங்கே?" என்று அட்டை பிடித்தால், அந்த நாலு பேர் வரை அது ஆர்ப்பாட்டம். மயிலிறகுக்குப் பக்கத்தில் அட்டை கட்டியவர்கள் பதினாறானால் முருகனுக்கே நோட்டீஸ் தேவைப்படும்.

6 ஆகஸ்ட், இரவு 9.02 | கேட்டவர்

வேல் எடுத்துப் போகலாமா அண்ணே? பெரியவர்கள் ஆசைப்படுகிறார்கள்.

6 ஆகஸ்ட், இரவு 9.25

வேண்டாம். 2013ஆம் ஆண்டு வந்த ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் மத, பண்பாட்டு நிகழ்ச்சியில் எடுத்துப் போவதற்கு விலக்குத் தருகிறது. காவடியில் வேல் வேல்தான். ஆனால் ஊர்வலத்துக்கு 205ஆம் எண் சட்டத்தின் 8ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது, ஆபத்தான ஆயுதம் கூடாது என்று. தண்ணீர் கேட்டுப் போகிற இடத்தில் அதே வேல் மதச் சின்னம்தான் என்று நிரூபிக்கிற பாடு உங்களுக்கு எதற்கு?

இதே காரணத்தால் பதாகைக்கு மரக்கம்பு வேண்டாம். துணி சுற்றிவரும் அட்டைக்குழாய் போதும், தையல் கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். முகத்தை மறைக்கும் முகமூடியும் 8ஆம் பிரிவில் தடை. குடத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பித்தளை வேண்டாம், பிளாஸ்டிக் எடுங்கள். கனமும் இல்லை, தட்டினால் சத்தமும் நன்றாக வரும்.

7 ஆகஸ்ட், காலை 6.48 | இசிபிங்கோ அக்கா

சத்தம்னு சொன்னீங்களே, எங்க பக்கத்துல பாங்கு சத்தத்துக்கே ஹைகோர்ட் போனாங்க. மேளம் அடிச்சா விடுவாங்களா?

7 ஆகஸ்ட், காலை 8.10

அந்த வழக்கு எங்கே முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும் அக்கா. பாதியில் நிறுத்தினால் பயம்தான் பரவும். 2020-இல் உயர் நீதிமன்றம், மதரசாவிலிருந்து வரும் பாங்கு ஓசை எதிர்வீட்டுக்குள் கேட்கவே கூடாது என்று உத்தரவு போட்டது. ஒலிபெருக்கிகூட இல்லை, வெறும் மனிதக் குரல். 2022 நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பக்கத்துவீட்டுச் சத்தம் இயல்பான அளவை மீறிய தொல்லை என்று வழக்குப் போட்டவர் காட்ட வேண்டும், அவர் காட்டவில்லை. நம் ஆட்களில் சிலர் 2020 தீர்ப்பைக் கொண்டாடினார்கள். அதே கோடு நாளைக்குக் கோயில் மணிக்கும் உடுக்கைக்கும் வந்து நிற்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

உங்கள் மேளம்: நோட்டீஸில் "இரண்டு தப்பு மேளம், ஒரு கை ஒலிபெருக்கி" என்று எழுதிவிடுங்கள். எழுதாத ஒலிபெருக்கியைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

7 ஆகஸ்ட், இரவு 10.15

கோஷம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பதினொன்றில் எட்டு பரவாயில்லை. ஒன்று எதுகைக்காக இலக்கணத்தைக் கொன்றிருக்கிறது, அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. மீதி இரண்டு:

அ) கவுன்சிலரின் இனத்தைச் சொல்லி, "இவங்க வந்தாலே இப்படித்தான்". இதை அடியோடு எடுங்கள். சாசனத்தின் 16ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. அதே பிரிவின் இரண்டாம் பகுதி, இனம், மதம், பாலினம் இவற்றை வைத்து வெறுப்பைப் பரப்பித் தீங்குக்குத் தூண்டுவதற்கு அந்த உரிமை இல்லை என்கிறது. சமத்துவச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இன்னும் விரிவாக இருந்தது. க்வெலானே வழக்கில், 2021 ஜூலை 31-இல், "மனம் புண்படும்" என்ற சொல்லை அரசியல் சாசன நீதிமன்றம் அதிலிருந்து எடுத்தது. மனம் புண்பட்டது மட்டும் போதாது, தீங்கும் வெறுப்பும் வேண்டும். அதே தீர்ப்பில், ஓரினச் சேர்க்கையாளர்களைத் தாக்கி க்வெலானே எழுதிய கட்டுரை வெறுப்புப் பேச்சுதான் என்றும் சொன்னது. கோடு இரண்டு பக்கமும் வெட்டும்.

நம் ஆட்கள் இதை மறக்கக் கூடாது. 2002-இல் ம்போங்கேனி ங்கேமாவின் ஜூலு பாட்டு ஒன்று இந்தியர்களைச் சாடி வந்தபோது ஒலிபரப்புப் புகார் ஆணையத்திடம் போய், அதை உகோஸி எஃப்எம் ஒலிபரப்பியது விதிமீறல் என்று தீர்ப்பு வாங்கியது நமக்காகத்தான். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டே இன்னோர் இனத்தைத் திட்டிக் கோஷம் போட முடியாது.

ஆ) "கவுன்சிலர் திருடன்". கீழே தனியாக.

8 ஆகஸ்ட், காலை 7.05

"திருடன்" என்ற அட்டை.

குற்றவியல் அவதூறு என்ற குற்றமே 2024 ஏப்ரலில் ஒழிந்துவிட்டது. அதற்காக போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. "செய்யப்போகிறோம்" என்று யாராவது மிரட்டினால் அது பழைய பாடம். ஆனால் சிவில் வழக்கு அப்படியே உண்டு. உண்மை, அதோடு பொதுநலன், இரண்டும் சேர்ந்தால்தான் தற்காப்பு. அல்லது, தெரிந்த உண்மைகளின் மேல் சொன்ன கருத்து என்று வாதிடலாம். 2011-இன் மெக்பிரைட் தீர்ப்பு கருத்துக்கு நிறைய இடம் கொடுத்தது. கருத்து கடுமையாக இருக்கலாம், நீங்கள் ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் அடியில் உண்மை இருக்க வேண்டும்.

ஆகவே அட்டையில் இப்படி எழுதுங்கள்: "21 நாள். 9 டாங்கர். பில் மட்டும் வந்தது." எண்களை உங்கள் தெருவில் எண்ணி எழுதுங்கள், என்னுடையதை அல்ல. "திருடன்" என்பதைவிட இது வலிக்கும், வக்கீல் கடிதமும் வராது.

வந்தால்? வாயை அடைக்கவே போடப்படும் வழக்குக்கு எதிர்வாதம் இப்போது உண்டு. ஒரு சுரங்க நிறுவனம் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மேல் போட்ட அவதூறு வழக்கில், 2022 நவம்பர் 14-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தற்காப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் வழக்கின் நோக்கம், தகுதி இரண்டையும் காட்ட வேண்டும், சுலபம் இல்லை.

8 ஆகஸ்ட், காலை 7.40

வாட்ஸ்அப் குழுவை மறந்துவிட்டேன். அட்டையில் எழுதாததைக் குழுவில் எழுதுகிறார்கள். பகிர்ந்தாலும் அதே பொறுப்புதான். 2013-இல் ப்ரிட்டோரியா உயர் நீதிமன்றம், பேஸ்புக்கில் தன் பெயர் டேக் ஆனது தெரிந்தும் எடுக்காமல் இருந்தவரையும் சேர்த்து 40,000 ராண்ட் கட்டச் சொன்னது. எழுதியது அவர் இல்லை.

இன்னொன்று, 2021 டிசம்பர் 1 முதல் சைபர் குற்றச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சொத்தை உடை, ஆளை அடி என்று தூண்டும் செய்தியை அனுப்புவது 14ஆம் பிரிவு, மிரட்டல் 15ஆம் பிரிவு. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பன் ஃபீனிக்ஸில் சுற்றிய குரல் செய்திகளை நினைவிருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம். "அலுவலகத்தைக் கொளுத்தணும்" என்று கோபத்தில் ஒரு குரல் செய்தி போதும், உங்கள் குடம் எல்லாம் அதில் மூழ்கிவிடும். ஊர்வலக் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள்.

8 ஆகஸ்ட், மாலை 5.30 | வெருளம் வாசகர்

எல்லாம் சரி. 1993 சட்டம் என்றால் அது வெள்ளையர் ஆட்சிச் சட்டம்தானே? அன்றைக்கும் தடை, இன்றைக்கும் தடை.

8 ஆகஸ்ட், இரவு 7.45

பாதி சரி. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்த முக்கூட்டு நாடாளுமன்றத்தின் கடைசிக் காலத்தில் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 1996 நவம்பர் 15. ஆனால் வரைவு, அன்றைய அரசியல் வன்முறையை விசாரித்த கோல்ட்ஸ்டோன் ஆணையத்தின் வேலையிலிருந்து வந்தது. பழைய தடைச் சட்டங்களை இதோடு ஒன்றாக்கக் கூடாது.

பழையது எப்படி இருந்தது என்பதற்கு டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானமே சாட்சி. 1974 செப்டம்பர் 25-இல், மொசாம்பிக் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவுக்கு ஆதரவுக் கூட்டம். முதல் நாள் அமைச்சர் தடை போட்டார். காரணம் காட்டும் கடமை இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை, 24 மணி நேரம் இல்லை. மக்கள் வந்தார்கள், நாய்களோடு போலீஸும் வந்தது. பிறகு நடந்த சாசோ (கறுப்பின மாணவர் அமைப்பு) வழக்கில் ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் உட்பட ஒன்பது பேர் மேல் பயங்கரவாதக் குற்றச்சாட்டு. சாட்சியமாக வந்தவற்றில் கவிதையும் நாடகமும் உண்டு. ராபன் தீவுக்குப் போனார்கள். "அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்று" என்பவர்கள் கவிதைக்காகக் கூண்டில் ஏறிய அந்த இரண்டு வருடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

9 ஆகஸ்ட், காலை 11.20

விடுமுறை நாள், ஆகவே ஒரு கிளைக் கேள்வி. ஊர்வலத்தில் வரும் பள்ளிப் பெண் ஒருத்தியின் மூக்குத்தியைப் பள்ளி கழற்றச் சொல்கிறதாம்.

பிள்ளை வழக்கு, 2007 அக்டோபர் 5, அரசியல் சாசன நீதிமன்றம். டர்பன் பள்ளி, தமிழ் இந்துக் குடும்பம், தங்க மூக்குத்தி. பதினாறு வயதில் பாட்டி அதை மாற்றி வைர மூக்குத்தி போடுவது குடும்ப வழக்கம் என்று தாய் சொன்னார். மதம் கட்டாயப்படுத்துகிறதா என்று கேட்கத் தேவையில்லை, விரும்பிச் செய்யும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். பள்ளி நியாயமான விலக்குத் தர வேண்டும். தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை முடித்துப் போய்விட்டாள், இருந்தும் விதியைத் திருத்தச் சொன்னார்கள்.

கடிதத்தில் "இது எங்கள் வேதத்தில் இருக்கிறது" என்று எழுதாதீர்கள், சுலோகம் கேட்பார்கள். வீட்டில் யார், எந்த வயதில், எந்தச் சடங்கில் குத்துகிறார்கள் என்று எழுதுங்கள். மறுத்தால் சமத்துவ நீதிமன்றம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே இருக்கிறது, வக்கீல் கட்டாயம் இல்லை.

12 ஆகஸ்ட், மதியம் 12.10 | கேட்டவர்

காலை 9.35-க்குக் கொடுத்தாயிற்று. முத்திரையும் வாங்கியாயிற்று. ஒரு சிக்கல்: அலுவலகத்துக்குப் பின்னால் 80 மீட்டரில் நீதிமன்றம் இருக்கிறது.

12 ஆகஸ்ட், மதியம் 12.50

முதல் நாள் "பர்மிஷன் என்று ஒன்று கிடையாது" என்றேன் அல்லவா? இங்கே உண்டு. திருத்திக்கொள்கிறேன். நீதிமன்றம் இருக்கும் கட்டடத்திலிருந்து 100 மீட்டர் சுற்றளவில் திறந்த வெளியில் கூட மாஜிஸ்திரேட்டின் எழுத்து அனுமதி வேண்டும், 7ஆம் பிரிவு. சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் இந்தத் தடை இல்லை.

சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு மெமோரண்டத்தை வாங்க ஆள் இருக்காது, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். வெள்ளியே இருக்கட்டும். கூடும் இடத்தை முன்வாசலுக்கு வெளியே, 100 மீட்டர் தாண்டிக் குறித்துத் திருத்திய வரைபடத்தை இன்றே கொடுங்கள், அதற்கும் முத்திரை. அளப்பது நேர்க்கோட்டில், நடைபாதை வளைவில் இல்லை. மனுக் கொடுக்க ஐந்து பேர் மட்டும் உள்ளே போனால் போதும், அதையும் எழுதுங்கள். வாங்குகிறவர் பெயர், பதவி, கையெழுத்து, தேதி, பதில் எப்போது என்று உங்கள் பிரதியில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

13 ஆகஸ்ட், காலை 10.02 | கேட்டவர்

24 மணி நேரம் ஆயிற்று. போன் வரவில்லை.

13 ஆகஸ்ட், காலை 10.20

முதல் முத்திரைக்குக் கணக்கு முடிந்தது. வரைபடத்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்களோ, அந்த மணி வரை பொறுங்கள்.

13 ஆகஸ்ட், மாலை 4.15

இப்போது நேரம் தாண்டியிருக்கும். மார்ஷல்களுக்கு மஞ்சள் சட்டை வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, அக்கா தனியாகக் கேட்டார்: போலீஸ் கலைந்து போகச் சொன்னால் பாட்டிகளுக்குப் புரியுமா? 9ஆம் பிரிவுப்படி குறைந்தது இரண்டு ஆட்சிமொழியிலும், முடிந்தால் கூடியிருப்பவர்களுக்குப் புரியும் மொழியிலும் உரக்கச் சொல்ல வேண்டும், நியாயமான நேரமும் தர வேண்டும். தமிழ் ஆட்சிமொழி இல்லை. சாசனத்தின் 6ஆம் பிரிவில் மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. ஆனாலும் அந்த "முடிந்தால்" நமக்கு உதவும். மார்ஷலில் ஒருவர் தமிழ் பேசுபவர் என்று நோட்டீஸில் எழுதியிருந்தால், ஒலிபெருக்கியை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அவரும் "பாட்டி, கொஞ்சம் ஓரமா வாங்க" என்றுதான் சொல்வார்.